களப் பயிற்சியாளரின் களிப்பும் களைப்பும்

(அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விழாக் குழுவினர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது ஒரு செய்தியைச் சொன்னார்கள். வரும் கோடை விடுமுறையில் நம் பிள்ளைகளுக்கென ஒரு விளையாட்டுப் பயிற்சி முகாம் தொடங்கப்போகிறது. அதன் பின்னர் ஆண்டு முழுவதும் வார இறுதிகளில் அது தொடரும். நம் குடும்பங்களைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள், வேறு வேலையில் இருந்துகொண்டே, பயிற்சியளிக்க முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஊக்கம் பிறக்கும்படி நான் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்றார்கள். நால்வரையும் காலையில் சந்தித்தேன். ஊக்கம் அவர்களிடம் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. எனக்கு இருக்கும் கவலை வேறு. மூன்றாம் ஆண்டில், நான்காம் ஆண்டில் அந்த ஊக்கம் எங்கே போய்விடுகிறது என்பதைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சம்மதித்தார்கள்.

நம்மவர்களில் பெரும்பாலோர் வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் வாழ்பவர்கள். நானோ உத்தியோகத்தின் பொருட்டுத் தெற்கே சென்று, தூத்துக்குடிக் கடற்கரைப் பகுதியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே நான் சொல்லப்போகும் செய்திகள் பெரும்பாலும் அந்தக் கரையைச் சேர்ந்தவையாகவே இருக்கும். துறைமுகத்துக் கப்பல்களும் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பும் உங்களுக்குப் பழக்கமில்லாத காட்சிகளாக இருக்கலாம். ஆனால் மைதானமும் பிள்ளைகளும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

உடற்கல்வி ஆசிரியரின் வாழ்க்கையைப் பற்றி ஊரில் ஒரு நல்ல எண்ணம் உண்டு. விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மர நிழலில் நிற்பவர் என்பது அந்த எண்ணம். கணித ஆசிரியருக்குப் பாடம் முடியாதபோதெல்லாம் கடன் கொடுப்பதற்கென்றே ஒரு பிரிவேளையை வைத்திருப்பவர் என்றும் சொல்லலாம். அந்தக் கடன் ஒருபோதும் திரும்பி வந்ததில்லை. உண்மையில் அவர் காலை ஐந்தரை மணிக்குக் களத்தில் நிற்கிறார். பகலெல்லாம் பள்ளி. மாலையில் மீண்டும் களம். குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று பருவம் தொடங்கிவிட்டால் சனி ஞாயிறும் அவருக்கு இல்லை. இந்த நால்வரோ அலுவலக வேலை முடிந்த பிறகு இதைச் செய்யப்போகிறவர்கள். ஆசிரியருக்காவது மாதச் சம்பளம் உண்டு.

இப்படி உழைப்பவர்களுக்கு வரும் ஒருவகைச் சோர்வுக்கு ஆங்கிலத்தில் ‘பர்ன் அவுட்’ என்று பெயர். எரிந்து தீர்ந்துபோதல் என்பது பொருள். நான் பணிச்சோர்வு என்றே சொல்கிறேன். இச்சொல்லை உளவியல் நூல்களுக்குள் முதன்முதலில் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர். 1974இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அவர் இதை எங்கே கண்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். நியூயார்க்கில் ஏழைகளுக்காக நடத்தப்பட்ட ஓர் இலவச மருத்துவமனையில், ஊதியம் பெறாமல் தொண்டு செய்ய வந்தவர்களிடம் கண்டார். பகலில் தம் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் அங்கே உழைத்த அவருக்கும் அது வந்தது. வேலையில் அக்கறை இல்லாதவரை இது பெரும்பாலும் தீண்டுவதில்லை. ஈடுபாடு மிகுந்தவரையே தேடி வருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் இதைச் சேர்த்தபோது, இது நோயன்று, பணி சார்ந்து எழும் ஒரு நிலை என்று தெளிவுபடுத்தி, மூன்று அடையாளங்களைக் கூறியது. உடலும் உள்ளமும் வற்றிப்போதல் ஒன்று. தான் செய்யும் பணியின்மீதே ஒரு விலகலும் கசப்பும் தோன்றுதல் மற்றொன்று. தன்னால் எதுவும் ஆகவில்லை என்ற எண்ணம் மூன்றாவது.

இம்மூன்றையும் நான் ஒரே மனிதரிடம் கண்டிருக்கிறேன். அவர் பெயரையும் ஊரையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டிய ஓர் ஊரில், முப்பத்தைந்து நாற்பது பெண் பிள்ளைகளுக்குக் கைப்பந்து பழக்கிக்கொண்டிருந்த இளைஞர் அவர். அந்தப் பிள்ளைகளில் பலருடைய தாய்மார்கள் வெயிலில் உப்பு வாருகிறவர்கள். மாலையில் மகள் மைதானத்தில் இருக்கிறாள் என்றால், வாத்தியார் இருக்கிறார் என்ற ஒரே நம்பிக்கையில்தான் விடுகிறார்கள். அவர் வரவில்லை என்றால் மைதானம் இல்லை. மைதானம் இல்லை என்றால் அந்தப் பெண் எட்டாம் வகுப்போடு வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவாள். அவர் பணியின் எடை அத்தகையது.

ஏழாம் ஆண்டில் ஒருநாள் அவருடைய மனைவி என் வீட்டிற்கு வந்தார். “அண்ணாச்சி, இவுக வீட்டு வாசல்ல வண்டிய நிறுத்திட்டுப் பத்து நிமிசம் அது மேலயே உக்காந்திருக்காக. எறங்கவும் மாட்டாக, எதும் பேசவும் மாட்டாக. காலையிலயும் அப்படித்தான். நீங்க ஒரு வார்த்த கேளுங்க” என்றார். நான் போய்க் கேட்டேன். பிள்ளைகள் நன்றாக ஆடினால் தமக்கு ஒன்றும் தோன்றுவதில்லை என்றும், தவறாக ஆடினால் மட்டும் கோபம் வருகிறது என்றும் அவர் சொன்னார். அந்த ஆண்டோடு விட்டுவிடுவதாக முடிவு செய்திருந்தார். முந்தைய ஆண்டு அவருடைய அணி மாநிலப் போட்டிவரை சென்றிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெற்றி பெற்றவருக்குச் சோர்வு வராது என்று யாரும் எண்ண வேண்டாம்.

அவரை இருத்தி, ஒரு வாரத்தில் அவர் செய்யும் வேலைகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். பேருந்துக்கு அனுமதிக் கடிதம், பிறப்புச் சான்று நகல், ஆதார் நகல், சீருடை துவைத்து உலர்த்துதல், கிழிந்த வலையைத் தைத்தல், புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தல், போட்டி நாளில் சாப்பாட்டுப் பொட்டலம், இருட்டிவிட்டால் ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டில் கொண்டுபோய் விடுதல், பெரிய பெண்ணாகிவிட்டவளை அனுப்ப மறுக்கும் தகப்பனாரிடம் சென்று மன்றாடுதல். தாளின் இரு பக்கமும் நிறைந்தது. அதில் கைப்பந்து கற்பித்தல் என்பது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக வந்தவர், மற்ற வரிகளையெல்லாம் தனியொருவராகச் சுமந்து, அந்த ஒரு வரிக்கு வரும்போது வற்றிப்போயிருந்தார்.

அந்தக் கரையில் இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது என்று அப்போது அவரிடம் சொன்னேன். அவர் முன்னோர் தொழில் என்பதால் என்னைவிட அவருக்கே அது நன்றாகத் தெரிந்திருந்தது. உங்களுக்காக இங்கே சற்று விரிவாகக் கூறுகிறேன்.

தூத்துக்குடிக் கடலில் சிப்பி விளையும் அடித்தளத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். முத்துக்குளிக்கும் பருவத்தைச் ‘சலாபம்’ என்பார்கள். மன்னார் வளைகுடாவில் நடந்த சலாபங்களை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேரில் கண்டவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் உள்ளன. ஒரு தோணியில் முக்குளிப்போர் பத்துப் பேர் இருப்பர். அவர்களுள் ஐவர் மட்டுமே ஒரே சமயத்தில் கடலில் இறங்குவர். அவர்கள் மேலேறி வந்த பிறகு மற்ற ஐவர் இறங்குவர். முதல் ஐவரும் அதுவரை மூச்சு வாங்கி இளைப்பாறுவர். கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால் பதித்து விரைவாகக் கீழே சென்று, சுமார் ஒரு நிமிடத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். தோணியில் நிற்பவர் அந்த அசைவை உணர்ந்து இழுக்க வேண்டும். கயிறு பிடிப்பவராக மைத்துனரையே வைத்துக்கொள்வார்கள் என்று அந்தப் பக்கத்தில் சொல்வதுண்டு. தன் சகோதரி தாலியை இழக்க எவனும் கையைத் தளர்த்த மாட்டான் அல்லவா! நள்ளிரவில் தரைக்காற்றோடு புறப்படும் தோணிகள், பகல் உச்சிக்கு வரும்போது சமிக்ஞை கேட்டதும் வேலையை நிறுத்திக் கடற்காற்றோடு கரைக்குத் திரும்பிவிடும். இன்னும் சிப்பி இருக்கிறதே என்று மாலைவரை யாரும் முக்குளித்துக்கொண்டிருந்ததில்லை.

சலாபம் ஒவ்வோர் ஆண்டும் நடந்ததுமில்லை. முதலில் பார்களைச் சோதித்து, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வயதும் விளைச்சலும் போதுமா என்று பார்ப்பார்கள். போதாதெனில் அந்த ஆண்டு சலாபம் இல்லை. இப்படித் தொடர்ச்சியாகப் பல ஆண்டுகள் கடல் ஓய்ந்து கிடந்ததுண்டு. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தது 1961இல். உலகப் புகழ் பெற்ற அந்தத் தொழில், முறை வைத்து இறங்குதல், மேலே ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்றல், நேரம் வந்ததும் நிறுத்துதல், சில ஆண்டுகள் சும்மா விடுதல் என்ற ஏற்பாடுகளின் மேல்தான் நடந்தது. நம் பயிற்சியாளர்களையோ, கல்லைக் காலில் கட்டி இறக்கிவிட்டுத் தோணியோடு கரைக்கு வந்துவிடுகிறோம்.

அந்தக் கைப்பந்து ஆசிரியர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. வாரம் ஆறு நாளை நான்கு நாளாகக் குறைத்தார். பந்து அறையின் சாவியையும் வலை கட்டும் வேலையையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரிடம் ஒப்படைத்தார். கடிதம், சான்றிதழ் வேலைகளுக்குப் பள்ளியின் பெற்றோர் ஒருவரைப் பிடித்தோம். துறைமுகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவர், அவருக்கு அது அரை மணி நேர வேலை. பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுவதற்குத் தாய்மார்களே முறை வைத்துக்கொண்டார்கள். மாநில அளவுக்கு ஆடக்கூடிய மூன்று பேரை, அதற்கான வசதியுள்ள விடுதிக்கு அனுப்பிவிட்டார். இது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. வாரத்தில் ஒருநாள், என்ன ஆடுவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யலாம் என்று விட்டுவிட்டார். பெரும்பாலும் அவர்கள் கைப்பந்தைத் தொடவே மாட்டார்கள்; கொக்கோ ஆடுவார்கள்.

அடுத்த ஆண்டு குறுவட்டப் போட்டியின் முதல் சுற்றிலேயே அவர் அணி தோற்றது. அன்று மாலை தொலைபேசியில் அழைத்து, “தோத்துட்டோம் அண்ணாச்சி” என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. “ஆனா அந்த ஆறாப்புப் பிள்ள இன்னைக்கு மொத தடவையா சர்வீஸ வலைக்கு மேல போட்டுருச்சு. போட்டுட்டுத் திரும்பி என்னப் பாத்தா பாருங்க, அந்த ஒண்ணு போதும்” என்றார். இன்றும் அவர் களத்தில்தான் இருக்கிறார்.

இந்தப் பணியின் மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்பதற்கு அவர் தந்த விடையை நான் ஏற்றுக்கொள்கிறேன். கோப்பை எப்போதாவது ஒருமுறை வருவது. அதற்கு எதிரணியின் பலம், நடுவர், வெயில், அன்று காலையில் நம் பிள்ளைக்கு வந்த வயிற்றுவலி எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். நேற்று முடியாதது இன்று ஒரு பிள்ளைக்கு முடிவதோ, கண் இருந்தால், நாள்தோறும் களத்தில் நடந்துகொண்டிருக்கிறது. பயிற்சியாளரின் களைப்பில் பெரும்பகுதி, தம் கையில் இல்லாத ஒன்றைக்கொண்டு தம்மை அளந்துகொள்வதால் வருகிறது என்பது என் கருத்து.

இது ஓர் ஆசிரியரின் அனுபவம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் என்ற இரு உளவியல் பேராசிரியர்கள் 1970களிலிருந்து சிறுவர் பேஸ்பால் அணிகளின் பயிற்சியாளர்களை ஆராய்ந்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து, பயிற்சியாளர் எத்தனை முறை பாராட்டுகிறார், எத்தனை முறை திருத்துகிறார், எத்தனை முறை திட்டுகிறார் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். பிறகு பிள்ளைகளிடம் கேட்டார்கள். ஒரு பயிற்சியாளரைப் பிள்ளைகள் விரும்புவதற்கும், அவருடைய அணி வென்ற தோற்ற கணக்கிற்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. ஆனால் வென்ற அணியின் பிள்ளைகள், ‘என் பெற்றோருக்கு எங்கள் பயிற்சியாளரைப் பிடிக்கும்’ என்று கூடுதலாகச் சொன்னார்கள். இதைப் பெற்றோர்களாகிய நாம் இரண்டு முறை படிக்க வேண்டும். வெற்றி தோல்விக் கணக்கு பிள்ளைகளிடமிருந்து வருவதில்லை, நம்மிடமிருந்து வருகிறது.

அவர்களே பின்னர், பாராட்டும் முறையையும் திருத்தும் முறையையும் பயிற்சியாளர்கள் சிலருக்குக் கற்றுக்கொடுத்து, ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். அந்தப் பயிற்சி பெறாதவர்களின் அணிகளிலிருந்து 26 விழுக்காட்டுப் பிள்ளைகள் அடுத்த ஆண்டு விளையாட வரவில்லை. பயிற்சி பெற்றவர்களின் அணிகளில் வராதவர்கள் 5 விழுக்காடு மட்டுமே. நான்கில் ஒரு பிள்ளை நின்றுவிடும் மைதானத்தில் நிற்பதும், ஏறக்குறைய எல்லோரும் திரும்பி வரும் மைதானத்தில் நிற்பதும் பயிற்சியாளருக்கு ஒன்றாக இருக்குமா? பிள்ளைகளின் மகிழ்ச்சியும் அவருடைய மகிழ்ச்சியும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை.

இனி என் மாவட்டத்தின் பெருமையைச் சொல்லாவிட்டால் அங்குள்ளவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டியை நீங்கள் கடலைமிட்டாயால் அறிவீர்கள், தீப்பெட்டியாலும் அறிவீர்கள். அது ஹாக்கி ஊர் என்பது வடக்கே பலருக்குத் தெரியாது. கரிசல் மண்ணில், தண்ணீர் அரிதான ஓர் ஊரில், தலைமுறை தலைமுறையாக ஹாக்கி மட்டையோடு பிள்ளைகள் நடமாடுகிறார்கள். இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் அங்கே வந்து ஆடுகின்றன. செயற்கைப் புல்தரை மைதானமும் அரசின் விளையாட்டு விடுதியும் அங்கே உள்ளன. அந்த மையத்தில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் இருவரும் 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினார்கள். மாரீஸ்வரன் கோவில்பட்டிப் பிள்ளை. கார்த்தி அரியலூரிலிருந்து வந்தவர். பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கார்த்தி கோல் அடித்தார். இந்தியா அத்தொடரில் வெண்கலம் வென்றது.

அந்த நாளில் கோவில்பட்டியில் இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆயினும் எண்ணிப் பாருங்கள். அந்த ஊரின் மைதானங்களில் மட்டை பிடித்துப் பழகியவர்கள் எத்தனை எத்தனை பேர்! அவர்களுள் இருவர் நாட்டுக்காக அந்த அணியில் ஆடினார்கள். ஒரு பயிற்சியாளர் தம் மகிழ்ச்சி முழுவதையும் அந்த இருவருக்காகச் சேர்த்து வைத்திருந்தால், அதற்கு முன்பு களத்தில் கழிந்த அத்தனை மாலைகளையும் அவர் வறுமையில் கழித்திருப்பார். இரயில்வேயிலும் காவல் துறையிலும் வேலைக்குச் சென்றவர்கள், தீப்பெட்டி ஆலைக்கே திரும்பியவர்கள், இன்று தம் பிள்ளையைக் கைப்பிடித்து அதே மைதானத்திற்கு அழைத்து வருபவர்கள், இவர்களும் அந்தப் பயிற்சியின் விளைச்சல்தானே.

பெரும் போட்டியை நோக்கியே உழைத்தவர்களுக்குக்கூட இது பொருந்தும். கேரளத்தின் ஓ.எம். நம்பியாரை மூத்தவர்கள் அறிவார்கள். விமானப் படையில் பணியாற்றிவிட்டு வந்தவர். பி.டி. உஷாவைப் பள்ளிச் சிறுமியாக இருந்தபோது கண்டெடுத்துப் பழக்கியவர். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் உஷா வெண்கலத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். பெண்களுக்கான அந்த ஓட்டம் ஒலிம்பிக்கில் அப்போதுதான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டிருந்தது. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த இடைவெளி! பல ஆண்டு உழைப்பை அந்த நூறில் ஒரு பங்கைக்கொண்டு அளந்திருந்தால் ஆசிரியரும் மாணவியும் அன்றே ஓய்ந்திருப்பார்கள். அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் அவர்கள் பெற்றவை ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும். துரோணாச்சாரியார் விருது 1985இல் தொடங்கப்பட்டபோது அதை முதலில் பெற்றோருள் நம்பியாரும் ஒருவர்.

கயிறு பிடிப்பவர்களைப் பற்றிச் சொன்னேன். 2018இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டை இந்தியா வென்றபோது, தலைமைப் பயிற்சியாளர் இராகுல் திராவிடுக்கு 50 இலட்சம் ரூபாயும், உடன் உழைத்த மற்றப் பயிற்சிக் குழுவினருக்கு 20 இலட்சம் ரூபாயும் வாரியம் அறிவித்தது. எல்லோரும் சேர்ந்து செய்த வேலைக்கு இந்த வேறுபாடு ஏன் என்று திராவிட் கேட்டார். முடிவில் அனைவருக்கும் 25 இலட்சமாகச் சமன் செய்யப்பட்டது. தம் பங்கைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார் என்று பத்திரிகைகள் பாராட்டின. எனக்கோ, தம்மைத் தனியொருவராக நினைத்துக்கொள்ளாத மனிதர் களத்திலும் அத்தனை எளிதில் எரிந்துபோக மாட்டார் என்று தோன்றியது.

கோவில்பட்டிவரை வருகிறவர்கள் மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள கழுகுமலைக்குச் செல்லாமல் திரும்பக் கூடாது. நம் குடும்பங்கள் பலமுறை சென்று தரிசித்த இடம். வெயிலுக்கு முன்பே மலையேறிவிட வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எட்டாம் நூற்றாண்டை ஒட்டிய அந்தத் தீர்த்தங்கரர் திருமேனிகளின் கீழே உள்ள வட்டெழுத்துகளை ஒருமுறை தொல்லியல் அறிந்த நண்பர் ஒருவர் எனக்குப் படித்துக் காட்டினார். குரவர், குரத்தியார் என்று ஆசிரியர்களும், அவர்தம் மாணாக்கர்களும் அங்கே பெயரோடு நிற்கிறார்கள். ஆசிரியப் பெண்களும் அவர்களுள் உண்டு. இன்னாருடைய மாணாக்கர் என்று ஆசிரியர் பெயரைச் சேர்த்தே தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசிரியர் வாதில் எத்தனை பேரை வென்றார் என்ற கணக்கு எதுவும் அங்கே என் கண்ணில் படவில்லை.

இப்போது நம் முகாமுக்கு வருகிறேன். அறக்கட்டளையினருக்கும் பெற்றோருக்கும் சில விண்ணப்பங்கள் உண்டு. கட்டளையாகவே எடுத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

நான்கு இளைஞர்கள் முன்வந்திருக்கிறார்கள் என்றதும் நான்கு குழுக்களாகப் பிள்ளைகளைப் பிரித்துவிடலாம் என்று ஒரு திட்டம் இருப்பதாக அறிகிறேன். அது வேண்டாம். இரண்டு குழு போதும், ஒவ்வொன்றுக்கும் இருவர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மனைவிக்குப் பிரசவ நேரம் என்றால், அல்லது அன்று மனம் சரியில்லை என்றாலும்கூட, மற்றவர் இறங்குவார். ஆண்டில் இரண்டு மாதம் பயிற்சியே இல்லை என்று இப்போதே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். மழைக்காலமும் தேர்வுக்காலமும் அதற்கு ஏற்றவை. முதல் ஆண்டில் கோப்பைப் போட்டி எதிலும் சேர வேண்டாம். தொண்டுதானே என்று எண்ணிப் போக்குவரத்துச் செலவைக்கூடக் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். சிறு தொகையாயினும் மாதந்தோறும் உறையில் வைத்துக் கொடுங்கள். அந்த இளைஞரின் வீட்டார்க்கும் அது ஒரு மரியாதை.

பயிற்சி நேரத்தைப் பற்றி ஒரு சொல். மற்ற ஊர்களில் விளக்கு போட்டு இரவு எட்டு மணிவரை பயிற்சி நடத்துகிறார்கள். நம் வீடுகளில் பொழுது சாய்வதற்கு முன் உணவை முடிக்கும் வழக்கம் இருக்கிறது. பிள்ளை களைத்து வந்து, கை கால் கழுவி, நிதானமாக உண்ண வேண்டுமானால் மாலை ஐந்து மணிக்கு விசில் ஊதி முடித்தாக வேண்டும். இது ஒரு தடை என்று இளைஞர்களில் ஒருவர் காலையில் என்னிடம் வருந்தினார். தம்பி, எத்தனையோ பயிற்சியாளர்கள் கேட்டும் கிடைக்காத ஒன்று உங்களுக்கு வீட்டு வழக்கமாகவே கிடைத்திருக்கிறது. ஐந்து மணிக்கு முடியுங்கள். விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். உங்கள் மனைவி மக்களோடு நீங்களும் வெளிச்சத்தில் அமர்ந்து உண்ணுங்கள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று. ஆட்டம் முடிந்தவுடன் வேலியோரம் நின்று, “என் பையனை ஏன் வெளியே உட்கார வைத்தீர்கள்?” என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், மறுநாள் கேளுங்கள். அன்று மாலை வீட்டில் பிள்ளையிடம் ஜெயித்தாயா என்று கேட்பதற்கு முன், இன்று புதிதாக என்ன வந்தது என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொன்னதை அடுத்த வாரம் பயிற்சியாளரிடம் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள். அவர் வீடு திரும்பும் வழியெல்லாம் அதை நினைத்துக்கொண்டு போவார். 31 ஆண்டு போய்ப் பார்த்தவன் சொல்கிறேன்.

மண்டப வாயிலில் பதிவேடு வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பெயரை எழுதும் பக்கம் ஏற்கெனவே நிறைந்துவிட்டது, மகிழ்ச்சி. அதற்கு அடுத்த பக்கத்தில், என் வேண்டுகோளின்படி, வேறு சில தலைப்புகளைப் போட்டிருக்கிறார்கள்: குடிநீர், முதலுதவி, கடிதம், வண்டி, பந்து அறைச் சாவி. காலையில் நான் பார்த்தபோது அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. 70 வயதைக் கடந்த ஓர் அம்மையார் குடிநீருக்கு எழுதியிருந்தார். உணவுக்குச் செல்லும் முன் மற்றவர்களும் அங்கே சற்று நின்று செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.